டிஸ்னி வேர்ல்டுக்கு விடியற்காலையில் கிளம்புவது பற்றி என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நாங்கள் இருப்பது புளோரிடாவின் டேம்பாவில். அங்கிருந்து ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரம். அதனால் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் வீடு சத்திரம்தான். நியூ ஜெர்சியிலிருந்து கொழுந்தனார் குடும்பம் வரும், டல்லாஸிலிருந்து கல்லூரித் தோழி வருவாள், மகளோடு ஆறு மாதம் இருக்க வந்த அவளுடைய அம்மாவும் அப்பாவும் கூடவே வருவார்கள். முந்தின நாள் இரவு தோசைக் கல்லைச் சுற்றி நின்றுகொண்டு எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொரு முறையும் வாய் வலிக்கச் சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன். பூங்கா திறக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும். கிளம்புவதற்கு முந்தின இரவு டிஸ்னியின் செயலியில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு வந்த இடத்திலுமா விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்?

கட்டாயம் இல்லை. எழ முடியாதவர்களுக்கும் கீழே ஒரு வழி சொல்லியிருக்கிறேன். ஆனால் கணக்கைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு ரைடு மணிக்கு 1,200 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன்னால் 300 பேர் நின்றால் கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். 1,200 பேர் நின்றால் ஒரு மணி நேரம். ரைடின் வேகம் காலையிலும் மதியத்திலும் ஒன்றுதான். முன்னால் நிற்கும் தலைகளின் எண்ணிக்கைதான் வேறு. பூங்கா திறக்கும்போது ஏறக்குறைய எல்லா வரிசையும் காலி. அன்றைக்கு வரப்போகிற கூட்டத்தில் பெரும்பகுதி அப்போது ஹோட்டலில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பணம் கட்டி வருபவர்களுக்கு லைட்னிங் லேன் என்று தனி வழி உண்டு. அந்த வழியில் ஆட்கள் வர வர அவர்களைத்தான் முதலில் விடுவார்கள்; பொது வரிசை நின்று நின்று நகரும். திறந்த முதல் அரை மணி நேரத்தில் அந்தத் தனி வழியில் ஆட்கள் குறைவு. ரைடின் இருக்கைகள் ஏறக்குறைய முழுவதும் பொது வரிசைக்கே கிடைக்கிற நேரம் ஒரு நாளில் அதுதான்.

'ரோப் டிராப்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

நேரடியாகச் சொன்னால் கயிற்றை இறக்குவது. பூங்காவின் முன்பகுதிக்குள் கூட்டத்தை விட்டுவிட்டு, ரைடுகளுக்குப் போகும் பாதையின் குறுக்கே ஊழியர்கள் கயிறு பிடித்து நிற்பது வழக்கம். நேரம் வந்ததும் கயிறு இறங்கும். இப்போது பல நேரம் ஊழியர்களே முன்னால் மெதுவாக நடந்து கூட்டத்தை அழைத்துப் போகிறார்கள். தேர் வடத்துக்கு முன்னால் நடக்கிற ஆட்களைப் பார்த்திருப்பீர்களே, அதே நடை. அவர்களை முந்திக்கொண்டு ஓடினால் நிறுத்திவிடுவார்கள்.

பூங்கா ஒன்பது மணிக்குத்தானே திறக்கிறது? எட்டே முக்காலுக்குப் போனால் போதாதா, அண்ணி?

போதாது. டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் நான்கு பூங்காக்களில் மேஜிக் கிங்டமுக்கு நிச்சயமாகப் போதாது. கார் நிறுத்துமிடத்துக்கும் அந்தப் பூங்காவுக்கும் நடுவில் ஒரு ஏரி இருக்கிறது. காரை நிறுத்த வேண்டும், பாதுகாப்புச் சோதனையைக் கடக்க வேண்டும், பிறகு மோனோரயிலிலோ படகிலோ ஏரியைத் தாண்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் டிக்கெட்டைக் காட்டி விரலை வைக்கிற வாசல் வரும். குழந்தைகளும் தள்ளுவண்டியுமாக இதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். முதல் முறை போனபோது நாங்களும் எட்டே முக்காலுக்குத்தான் கார் நிறுத்துமிடத்தில் நுழைந்தோம். பூங்காவின் நடுவில் இருக்கும் சிண்ட்ரெல்லா கோட்டைக்கு முன்னால் போய் நின்றபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இரண்டாவது ரைடில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்குத் திறந்தால் ஏழே முக்காலுக்குக் கார் நிறுத்துமிடத்தில் இருங்கள். மோனோரயிலுக்கு நீண்ட வரிசை இருந்தால் யோசிக்காமல் படகுக்குப் போங்கள். ஒரு படகில் சுமார் 600 பேர் ஏறலாம், வரிசை ஒரே மூச்சில் கரைந்துவிடும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு இந்த ஏரிச் சுற்று பெரும்பாலும் இல்லை. ஹோட்டல் பஸ் பூங்கா வாசலிலேயே இறக்கிவிடும். வாடகைக் காரில் வந்தால் ஏரிக்கு இந்தப் பக்கம்தான் இறக்குவார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் மூன்றிலும் கார் நிறுத்துமிடம் வாசலுக்கு எதிரேயே இருக்கிறது. அங்கே முக்கால் மணி முன்னதாக வந்தால் போதும்.

அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விடுகிறார்களாமே? எல்லோருக்குமா?

எல்லோருக்கும் இல்லை. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களிலும், அதோடு ஒப்பந்தம் உள்ள வேறு சில ஹோட்டல்களிலும் தங்குபவர்களுக்கு மட்டும். நான்கு பூங்காக்களிலும், எல்லா நாளும், 30 நிமிடம். மிகக் குறைந்த வாடகையுள்ள டிஸ்னி ஹோட்டலில் தங்கினாலும் இந்தச் சலுகை உண்டு. ஹோட்டல் வாடகையை ஒப்பிடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த அரை மணியில் பூங்கா முழுவதும் திறந்திருக்காது. மேஜிக் கிங்டமில் ஃபேன்டஸிலேண்ட், டுமாரோலேண்ட் என்ற இரண்டு பகுதிகள் மட்டும்தான். அட்வென்சர்லேண்ட் பக்கம் ஒன்பது மணிக்குத்தான் கயிறு இறங்கும். இன்னொன்று: எட்டரைக்கு விடுகிறார்கள் என்பதற்காக எட்டரைக்குப் போய் நிற்காதீர்கள். உங்களைப் போல அந்த ஹோட்டல்களில் தங்கியிருக்கும் எல்லோருக்கும் அதே அரை மணிதான். எட்டு மணிக்கு வாசலில் இருங்கள்.

நாங்கள் கிஸிமியில் வெளி ஹோட்டலில் தங்குகிறோம். அப்படியானால் சீக்கிரம் போவதில் பயனே இல்லையா?

இருக்கிறது, ஆனால் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். ஒன்பது மணிக்கு உங்களை விடும்போது ஃபேன்டஸிலேண்டில் ஏற்கெனவே அரை மணி நேரக் கூட்டம் நிற்கும். அங்கே இருக்கும் செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின் ரைடுக்கு உங்களுக்கு முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள். கூட்டத்தின் பின்னாலேயே அங்கே போய் நின்றுவிட்டு, "சீக்கிரம் வந்து என்ன பயன்" என்று கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு முன்னால் யாருமே நுழைந்திராத பகுதிக்குப் போங்கள். ஜங்கிள் குரூஸ் பகலில் நீண்ட வரிசை சேரும் ரைடு. காலையில் ஏறக்குறைய நடந்தே போய்ப் படகில் உட்காரலாம். பிள்ளைகள் 102 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் 2024 ஜூனில் திறந்த டியானா'ஸ் பயூ அட்வென்சர். அதில் தண்ணீர் தெறிக்கும். டிசம்பர் காலையில் நனைந்த சட்டையோடு அலைய விருப்பமில்லை என்றால் மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் பிறகு மற்ற பக்கம் போகலாம்.

சரி, உள்ளே நுழைந்ததும் முதல் ரைடு எது?

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதை முந்தின இரவே முடிவு செய்யுங்கள். கோட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு குடும்பக் கூட்டம் போடாதீர்கள். ஒரு முறை எங்கள் கூட்டத்தில் பதினோரு பேர். ட்ரானா, ஸ்பேஸ் மவுண்டனா என்று இரு கட்சியாகப் பிரிந்து கால் மணி நேரம் வாதாடினோம். அந்தக் கால் மணியின் விலை மதியத்தில் ஒன்றரை மணி.

பொதுவாகச் சொன்னால், பிரபலமாக இருந்து மெதுவாக ஆள் ஏற்றும் ரைடுதான் காலைக்கு உரியது. பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன் போன்றவற்றில் பெரிய படகுகள் வந்துகொண்டே இருக்கும். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகரும், அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பீட்டர் பான்'ஸ் ஃப்ளைட்டில் தொங்கும் சின்னக் கப்பல் ஒவ்வொன்றிலும் சிலர்தான் உட்காரலாம். 1971இல் பூங்கா திறந்த காலத்திலிருந்து இருக்கிற, மூன்றே நிமிடம் ஓடுகிற ரைடு அது. அதற்கு மதியத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். சின்னக் குழந்தையோடு முன்னதாக உள்ளே விடப்படுபவர்களுக்கு நான் சொல்வது: முதலில் மைன் டிரெயின், அடுத்து பீட்டர் பான். குழந்தைக்கு வேகம் பயம் என்றால் பீட்டர் பானிலிருந்தே தொடங்குங்கள்.

மற்ற மூன்று பூங்காக்களுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அனிமல் கிங்டம் பெரும்பாலும் எட்டு மணிக்கே திறந்துவிடும். காலைக் கூட்டம் முழுவதும் பண்டோரா பகுதியில் இருக்கும் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் ரைடை நோக்கி ஆறு மாதிரி ஓடும். அதில் ஏற 112 சென்டிமீட்டர் வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது முக்கியமில்லை என்றால் கூட்டத்தை விட்டு விலகி கிலிமஞ்சாரோ சஃபாரிக்குப் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன் விலங்குகள் நடமாடிக்கொண்டிருக்கும். ஒரு காலையில் எங்கள் வண்டிக்கு முன்னால் ஒட்டகச்சிவிங்கி ஒன்று பாதையை மறித்துக்கொண்டு அசையாமல் நின்றது. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு நேரமும் என் மாமியார் அதனோடு பேசிக்கொண்டே இருந்தார்.

ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ஸ்லிங்கி டாக் டேஷ், ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் இரண்டுக்கும்தான் போட்டி. வெளி ஹோட்டலில் இருந்து வருபவர்கள் ஸ்லிங்கியைக் காலையில் மறந்துவிடுங்கள்; டவர் ஆஃப் டெரரோ மிக்கியின் ரன்அவே ரயில்வேயோ நல்ல தொடக்கம். எப்காட்டுக்கு இரண்டு வாசல். பெரிய வெள்ளிப் பந்து இருக்கும் முன்வாசலில் நுழைந்தால் கார்டியன்ஸ் ரைடும் ஃப்ரோஸனும் அருகில். பின்பக்கத்து இன்டர்நேஷனல் கேட்வே வழியாக வந்தால் ரெமியின் ரைடு சில அடிகளில். ஸ்கைலைனர் தொங்கு வண்டியில் வருபவர்கள் இறங்குவதே பின்வாசலில்தான். அவர்கள் முன்பக்கம் வரை நடந்து நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைக்கு நான்கு வயது. காலையிலேயே போய் உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால்?

அனுப்பத்தான் செய்வார்கள், கெஞ்சினாலும் விடமாட்டார்கள். செவன் டுவார்ஃப்ஸ், ஸ்லிங்கி டாக் இரண்டுக்கும் 97 சென்டிமீட்டர் (38 அங்குலம்), ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸுக்கு 102, ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, ட்ரானுக்கு 122. பீட்டர் பான், ரெமி, ஃப்ரோஸன், மிக்கி ரயில் ஆகியவற்றுக்கு உயர வரம்பே கிடையாது.

கொழுந்தனாரின் மகளை வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு 38 அங்குலம் என்று அளந்து அழைத்துவந்தார்கள். ரைடு வாசலில் ஊழியர் அளவுக்கோலைத் தலைக்கு மேல் கொண்டுவந்தார். கோல் இடித்தது தலையில் இல்லை, உச்சியில் போட்டிருந்த கொண்டையில். அதை அமுக்கிப் பார்த்தார். கோலுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. வீட்டில் அளக்கும்போதும் அதே கொண்டைதான்! முடியை அவிழ்த்துவிட்டு, வழக்கமாகப் போடும் செருப்போடு அளந்து பாருங்கள்.

உயரம் போதாத குழந்தை ஒன்று இருந்தால் பெரியவர்கள் ரைடை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 'ரைடர் ஸ்விட்ச்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. வரிசையின் வாசலில் இருக்கும் ஊழியரிடம் குழந்தையைக் காட்டிக் கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் வரிசையில் நின்று ஏறிவிட்டு வருவார். பிறகு வெளியே இருந்தவர் லைட்னிங் லேன் வழியாகப் போய் ஏறலாம். இதற்குக் கட்டணம் இல்லை. கேட்டால்தான் கொடுப்பார்கள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. அவரையும் காலையிலேயே இழுத்துக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். கூட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். இளசுகள் விடியலில் போகட்டும், பெரியவர்களை ஒருவர் பத்தரை மணிக்கு அழைத்துவரட்டும். அதற்குள் வேக ரைடுகள் முடிந்திருக்கும்; பிறகு எல்லோரும் சேர்ந்து பார்ப்பதற்குப் படகு, ரயில், அணிவகுப்பு என்று நிறைய இருக்கிறது.

சக்கர நாற்காலி எடுத்தால் வரிசையில் நிற்காமல் முன்னால் போகலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான வரிசைகளில் நாற்காலியோடே எல்லோருடனும் சேர்ந்து வர வேண்டும். ஆனாலும் நாற்காலியை வாடகைக்கு எடுங்கள். ஒரு நாளில் அந்தப் பூங்காவுக்குள் நடக்கிற தூரம் நம் ஊர்க் கிரிவலத்தை நினைவூட்டும்.

காலைச் சாப்பாடு என்ன செய்வது? உள்ளே வாங்கினால் நேரம் போகுமே?

போகும். அதனால் வரிசையில் நிற்கும்போதே சாப்பிடுவதுதான் வழி. வெளிச் சாப்பாட்டைத் தாராளமாக உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. எங்கள் வீட்டில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இல்லாவிட்டால் சப்பாத்திச் சுருள். புளிசாதம் மதியத்துக்கு. தயிர்சாதம் மட்டும் புளோரிடா வெயிலில் பதினொரு மணிக்கே புளித்துவிடும், அனுபவம். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். பானம் விற்கும் உணவுக் கவுண்டர்களில் கேட்டால் ஒரு குவளை ஐஸ் தண்ணீரை இலவசமாகத் தருவார்கள்.

ஒரு சின்ன விஷயம். எவர்சில்வர் டப்பா வேண்டாம். பாதுகாப்பு வாயிலில் பைகளைத் திறக்காமல் நடந்துபோகச் சொல்வார்கள். பெரிய உலோகப் பொருள் இருந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும், உங்களை ஓரமாக நிறுத்திப் பையைத் திறப்பார்கள். என் மாமியாரின் மூன்றடுக்குத் தூக்கை ஒவ்வோர் அடுக்காகத் திறந்து காட்டியபோது எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். சோதித்தவர் எலுமிச்சை சாதத்தைப் பார்த்துவிட்டு நல்ல வாசனை என்றார், அதுதான் ஆறுதல். மடக்குக் குடையையும் கையில் எடுத்து முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடங்கள்.

காசு கொடுத்து லைட்னிங் லேன் வாங்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே?

தூங்கலாம், பர்ஸ் சம்மதித்தால். லைட்னிங் லேனில் மல்டி பாஸ் என்பது ஒரு பூங்காவில் முன்கூட்டியே மூன்று ரைடுகளுக்கு நேரம் பிடித்து வைப்பது. ஒன்றைப் பயன்படுத்தியதும் அடுத்ததைச் சேர்க்கலாம். ட்ரான், கார்டியன்ஸ், ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ், ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் போன்றவை அதில் சேராது. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம். விலை நாளுக்கு நாள் மாறும், கூட்டம் அதிகமுள்ள நாளில் அதிகம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் நான்கு நாள் வாங்கினால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். டிஸ்னி ஹோட்டல்காரர்கள் தங்கத் தொடங்கும் நாளுக்கு ஏழு நாள் முன்பிருந்தும், மற்றவர்கள் பூங்காவுக்குப் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தும் வாங்கலாம். புளோரிடா நேரம் காலை ஏழு மணிக்கு விற்பனை திறக்கும். ஆகவே அதற்கும் ஒரு நாள் சீக்கிரம் எழத்தான் வேண்டும்.

நான் செய்வது இரண்டுக்கும் நடுவில். மேஜிக் கிங்டம் நாளுக்கு மட்டும் மல்டி பாஸ் வாங்குவேன்; அதில் பிடிக்கும் நேரங்களைப் பதினொரு மணிக்கு மேல் வைப்பேன். முதல் இரண்டு மணி நேரம் இலவசமாகவே கிடைக்கும்போது அதற்கு ஏன் பணம்?

இது முன்பு இலவசமாக இருந்ததாமே? பத்து மணிக்குச் செயலியில் இடம் பிடிக்க வேண்டும் என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன்.

பழைய காணொளியாக இருக்கும், தேதியைப் பாருங்கள். 1999இல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் இலவசம்தான். பெருந்தொற்றுக்காக 2020இல் பூங்காக்களை மூடியபோது அது நின்றது. 2021இல் கட்டணத்தோடு ஜீனி பிளஸ் வந்தது. 2024 ஜூலையில் அதுவும் போய் இப்போதைய லைட்னிங் லேன் வந்தது. கார்டியன்ஸ் ரைடுக்குச் செயலியில் இடம் பிடிக்கும் முறை 2025 பிப்ரவரியில் நின்றுவிட்டது, இப்போது சாதாரண வரிசைதான். பூங்காவுக்கே முன்பதிவு செய்ய வேண்டும் என்பதும், தேதியிட்ட டிக்கெட்டுகளுக்கு, 2024 ஜனவரியோடு போய்விட்டது.

பலகையில் 70 நிமிடம் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

சற்றுக் கூட்டித்தான் போடுவார்கள். ஐம்பதில் முடிந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் அல்லவா? காலையில் கதை தலைகீழாகவும் நடக்கும்: திறந்த சில நிமிடங்களில் பலகையில் 10 என்றிருக்கும், ஆனால் ஒரே நேரத்தில் வந்து குவிந்த கூட்டத்தின் வால் கட்டிடத்தைச் சுற்றி நிற்கும். அந்த நேரத்தில் பலகையை விட உங்கள் கண்ணை நம்புங்கள்.

கூட்டமே இல்லாத மாதத்தில் போனால் இந்தப் பாடு வேண்டாமே?

கூட்டமே இல்லாத மாதம் என்று ஒன்று இப்போது இல்லை. குறைவான காலம் உண்டு: அமெரிக்கப் பள்ளிகள் திறந்த பிறகு ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முழுவதும். அது சூறாவளிக் காலத்தின் நடுப்பகுதி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையும், நன்றி நவிலல் வாரத்திலும், மார்ச்சிலும் போகிறவர்களுக்குத்தான் விடியற்காலை உயிர் காக்கும். ஆனால் நம்மவர்களுக்கு லீவு கிடைப்பதே அப்போதுதான்.

ஹாலோவீன், கிறிஸ்துமஸ் காலங்களில் சில இரவுகளில் மேஜிக் கிங்டமில் தனி டிக்கெட்டில் கொண்டாட்டம் நடக்கும். அன்றைக்குச் சாதாரண டிக்கெட்டுக்கு மாலை ஆறு மணிக்கே பூங்கா முடிந்துவிடும். வாணவேடிக்கை பார்க்க முடியாதே என்று பலர் அந்த நாளைத் தவிர்ப்பார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுகிற உங்களுக்கு அதுதான் நல்ல நாள்.

அம்மா அப்பா சென்னையிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. ஓய்வெடுக்க வைத்துவிட்டு அடுத்த வாரம் போகலாமா?

மாறாகச் செய்யுங்கள். சென்னைக்கும் ஆர்லாண்டோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். புதிதாக வந்தவர்கள் அதிகாலை மூன்று மணிக்கே விழித்துக் குளித்துத் திருநீறு பூசி, யாராவது எழுந்து காபி போடமாட்டார்களா என்று சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். விடியலில் பூங்காவுக்குப் போக இவர்களை விடத் தகுதியானவர்கள் யார்? மதியம் இரண்டு மணிக்குக் கண் சொருகும், அப்போது திரும்பிவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் முன்னால் சொன்ன பிரிவினைதான்.

கலிபோர்னியாவிலிருந்து வருபவர்கள்தான் பாவம். இங்கே ஏழு மணி என்றால் உங்கள் உடம்புக்கு நான்கு மணி. முதல் நாளை நீச்சல் குளத்துக்கு விட்டுவிட்டு மூன்றாம் நாளில் விடியலை முயலுங்கள்.

மதியத்துக்குப் பிறகு என்ன செய்வது? நாள் முழுவதற்கும் டிக்கெட் வாங்கியிருக்கிறோமே?

டிக்கெட் காசை வசூல் செய்துவிட வேண்டும் என்று கடைசிவரை நிற்பது நம் குணம். ஒரு மணிக்கு வெளியே போங்கள். சாப்பிட்டுத் தூங்கிவிட்டு ஐந்து மணிக்கு அதே டிக்கெட்டில் திரும்ப நுழையலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலான பிற்பகல்களில் இங்கே இடியும் மழையும்தான். மின்னல் அருகில் வந்தால் ஸ்லிங்கி டாக், மைன் டிரெயின் போன்ற திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், எல்லோரும் கூரையுள்ள ரைடுகளில் போய் அடைவார்கள். அதனால்தான் திறந்தவெளி ரைடுகளைக் காலையிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

இத்தனை திட்டம் போட்டு முதல் ரைடே பழுது என்று நிறுத்திவைத்திருந்தால்?

நடக்கும். காலையில் சோதனை ஓட்டம் முடியாமல் தாமதமாகத் திறக்கும் ரைடுகள் உண்டு. அங்கேயே நின்று காத்திருக்காதீர்கள். முந்தின இரவு முடிவு செய்யும்போதே பக்கத்தில் உள்ள இரண்டாவது ரைடையும் முடிவு செய்துகொள்ளுங்கள். செயலியை அவ்வப்போது பாருங்கள். மூடியிருந்த ரைடு திறந்ததும் முதல் பத்து நிமிடம் மறுபடியும் ஒரு சின்ன விடியற்காலை மாதிரி வரிசை காலியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் யாருக்கும் காலையில் எழ வராது, அக்கா. வேறு வழி?

இரவு. பூங்கா மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசையில் நுழைந்துவிட்டாலும் ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் எட்டு, ஒன்பது மணிக்கு மேல் கிளம்பத் தொடங்கிவிடும்; மற்றவர்கள் வாணவேடிக்கைக்காகக் கோட்டை முன்னால் நிற்பார்கள். அந்த நேரத்தில் ரைடுகளுக்குப் போங்கள், கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெரிய ரைடை வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக உட்காரத் தயார் என்றால் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் போன்ற சிலவற்றில் ஒற்றை ஆள் வரிசை உண்டு, வேகமாக நகரும்.

காலையும் இரவும் ஒரே நாளில் வேண்டாம். அதேபோல நான்கு நாளும் விடியலில் எழுப்பினால் மூன்றாம் நாள் வீட்டில் கலகம் வெடிக்கும். நான்கு நாளில் இரண்டு விடியல், அவற்றில் ஒன்று மேஜிக் கிங்டமுக்கு.

ஆர்லாண்டோவில் இருக்கும் யுனிவர்சல் பூங்காக்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?

பொருந்தும். அங்கேயும் யுனிவர்சல் ஹோட்டலில் தங்குபவர்களை முன்னதாக விடுவார்கள். பழைய இரு பூங்காக்களுக்கு ராயல் பசிஃபிக், ஹார்ட் ராக், போர்டோஃபினோ பே என்ற மூன்று ஹோட்டல்களில் ஒன்றில் தங்கினால் வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாடகையிலேயே சேர்ந்து வரும். ஒரே ஓர் இரவு தங்கி, வருகிற நாளும் போகிற நாளும் அதைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே விடியற்காலைதான்.

இவ்வளவு சொல்கிறீர்களே அண்ணி, நாளைக்கு நீங்களும் எங்களோடு வருகிறீர்களா?

வருகிறேன். காரை நான்தான் ஓட்டுவேன், ஆறு மணிக்குக் கிளம்பும். ஐ-4 நெடுஞ்சாலையில் ஆறரைக்கு மேல் போனால் என்ன நெரிசல் என்று உங்களுக்குத் தெரியாது. ஐந்தே முக்காலுக்கு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு மட்டும் இட்லி.